ஏஎஸ்2 இணைப்பு அமைப்பது எப்படி: பையரின் மின்னஞ்சலில் தொடங்கி முதல் ஆர்டர் வரை

இனிமேல் பர்ச்சேஸ் ஆர்டர், ஷிப்மென்ட் விவரம், இன்வாய்ஸ் எல்லாம் ஏஎஸ்2 வழியாகத்தான் என்று அமெரிக்க பையரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். முதலாளி அதை மெர்ச்சண்டைசருக்கு அனுப்புவார், மெர்ச்சண்டைசர் அடுத்த ஆளுக்கு அனுப்புவார். அப்படி அனுப்பி அனுப்பி, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் தலையில் வந்து விழும். திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் அந்த ஒருவராக இருந்து, இந்த வேலையோடு மல்லுக்கட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மென்பொருளை நிறுவ அரை நாள் போதும். வாரக்கணக்கில் இழுப்பது மற்றதெல்லாம்தான்: படிவம், சான்றிதழ், ஃபயர்வால், அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதரவுப் பிரிவோடு மின்னஞ்சல் போக்குவரத்து.

1. ஏஎஸ்2 என்ன செய்யும், என்ன செய்யாது

ஏஎஸ்2 என்பது இரண்டு நிறுவனங்களின் சர்வர்கள் இணையம் வழியே நேரடியாகக் கோப்பு அனுப்பிக்கொள்ளும் நெறிமுறை. ஆர்எஃப்சி 4130 என்ற 2005-ஆம் ஆண்டு ஆவணம் அதை வரையறுக்கிறது. வால்மார்ட் 2002-இலேயே தன் சப்ளையர்களை இதற்கு மாறச் சொல்லிவிட்டதால் அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் இது நன்றாக வேரூன்றிவிட்டது.

ஒப்புகை அட்டையோடு அனுப்பும் பதிவுத் தபால் போலத்தான் இதுவும். உங்கள் சர்வர் கோப்பைக் கையொப்பமிட்டு, மறையாக்கம் செய்து, பையரின் முகவரிக்கு அனுப்பும். அங்கே பிரித்துப் பார்த்து, கையொப்பம் சரிதானா, வழியில் ஏதும் மாறியிருக்கிறதா என்று சோதித்து, ஓர் ஒப்புகையைக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒப்புகைக்குப் பெயர் எம்டிஎன்.

உறைக்குள் இருப்பதை ஏஎஸ்2 படிக்காது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பையர் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர் எக்ஸ்12 என்ற வடிவத்தில், நட்சத்திரக் குறியும் எண்களுமாக வரும். அதை உங்கள் இஆர்பி (ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாம் பார்க்கும் அலுவலக மென்பொருள்) அல்லது எக்செல் புரிந்துகொள்ளும்படி மாற்ற ‘டிரான்ஸ்லேட்டர்’ என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். விலை கேட்கும்போது இரண்டும் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்டுவிடுங்கள். ஏஎஸ்2 மலிவாகக் கிடைக்கும், எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்று பொருத்தும் மேப்பிங்தான் பணத்தைத் தின்னும்.

அமெரிக்க பையரிடம் நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் எண்கள்: 850 பர்ச்சேஸ் ஆர்டர், 855 ஆர்டரை ஏற்றதற்கான பதில், 856 சரக்கு கிளம்பிய விவரம், 810 இன்வாய்ஸ், 997 ஆவணம் வந்ததற்கான ஒப்புகை. ஐரோப்பிய பையர் என்றால் பெரும்பாலும் எடிஃபாக்ட் வடிவம். அதில் ஆர்டர்ஸ், டெஸ்அட்வ், இன்வாய்க் என்று பெயர்கள் வரும்.

எம்டிஎன் வேறு, 997 வேறு. உறை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்பதை எம்டிஎன் சொல்கிறது. உள்ளே இருக்கும் ஆவணத்தின் இலக்கணம் சரியா தவறா என்பதை 997 சொல்கிறது. இன்வாய்ஸில் விலை தவறாக இருந்தாலும் இரண்டும் பச்சையாகத்தான் வரும். ‘எம்டிஎன் வந்துவிட்டது, அப்புறம் ஏன் பணம் வரவில்லை?’ என்று கேட்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இதை முதல் நாளே விளக்கிவிடுவது உங்களுக்கு நல்லது.

2. சொந்தமாக நடத்துவதா, சேவை எடுப்பதா

மூன்று வழிகள் உண்டு.

சொந்த சர்வர். ஓப்பன்ஏஎஸ்2, மெண்டல்சன் ஏஎஸ்2 சமூகப் பதிப்பு இரண்டும் இலவசம், இரண்டுமே ஜாவாவில் ஓடும். செலவு சர்வருக்கும், நிலையான ஐபிக்கும் (மாறாத இணைய எண் முகவரி), உங்கள் தூக்கத்துக்கும். வாரத்துக்குச் சில ஆர்டர்தான், அலுவலகத்தில் நெட்வொர்க் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் இது போதும்.

கிளவுட். அமேசானின் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலி 2022 முதல் ஏஎஸ்2-ஐத் தருகிறது. சர்வர் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 0.30 டாலர் அளவில் கட்டணம், அனுப்பும் பெறும் செய்திகளுக்குத் தனி. 0.30 என்றால் ஒன்றுமில்லை போலத் தெரியும். மாதம் 720 மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள், 216 டாலர் வரும். நீங்கள் ஒரு கோப்புகூட அனுப்பாத மாதத்திலும் அது வரும்.

ஈடிஐ சேவை நிறுவனம். ஈடிஐ என்றால் நிறுவனங்களின் கணினிகள் வணிக ஆவணங்களை நேரடியாகப் பரிமாறிக்கொள்வது. ஏஎஸ்2, மேப்பிங், கண்காணிப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு பையருக்கும் தனித் தொடக்கக் கட்டணமா? ஒவ்வொரு ஆவண வகைக்கும் மேப்பிங் கட்டணம் எவ்வளவு? பையர் விதிமுறையை மாற்றினால் மறுபடியும் காசா? சோதனைக் கோப்புகளுக்கும் கட்டணமா? வான் எனப்படும் இடைத்தரகு வலையமைப்பு வழியாகப் போனால் கிலோ-கேரக்டர் கணக்கில், அதாவது ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள். கார்ட்டன் வாரியாக விவரம் எழுதும் 856 ஆவணம் அந்தக் கணக்கில் நன்றாகவே வீங்கும்.

ஒரே ஒரு பையர், நான்கு ஆவண வகை என்றால் சேவை நிறுவனம்தான் என் ஓட்டு. மூன்று பையருக்கு மேல் போனால் சொந்த சர்வரை யோசிக்கலாம்.

3. படிவத்துக்கு முன் சேகரிக்க வேண்டியவை

பையரின் ஈடிஐ பிரிவு ஒரு டிரேடிங் பார்ட்னர் படிவம் அனுப்பும். அதை அரைகுறையாக நிரப்பி அனுப்பினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்:

பையர் தந்த வெண்டார் எண். இது மெர்ச்சண்டைசரிடம் இருக்கும். தொழிற்சாலைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு இருந்தால் எது என்று கேட்டு எழுதுங்கள்.

டன்ஸ் எண். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் 9 இலக்க எண் இது. ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றுக்கு ஏற்கெனவே இருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. புதிதாக விண்ணப்பிக்கும் முன் பழைய கோப்புகளைத் தேடுங்கள்.

ஜிஎஸ்1 நிறுவன முன்னெண். ஜிஎஸ்1 என்பது பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு. கார்ட்டன் லேபிளில் ஒட்டும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணை இதை வைத்துத்தான் உருவாக்க வேண்டும். 856 ஆவணத்தில் இருக்கும் எண்ணும் கார்ட்டன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் டெபிட் நோட், அதாவது உங்களுக்குத் தர வேண்டியதில் பணம் பிடிக்கும் சீட்டு, வரும். பையரே தன் போர்ட்டலில் லேபிள் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் இந்தச் செலவு இல்லை.

ஏஎஸ்2 ஐடி. இதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கும். இடைவெளி விடாதீர்கள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் வையுங்கள். சோதனைக்கும் நேரலைக்கும் (உண்மையான ஆர்டர்கள் ஓடும் சூழல்) தனித்தனி ஐடி கேட்கிறார்களா என்று பாருங்கள்.

ஐஎஸ்ஏ ஐடியும் அதன் குறியீடும். இது எக்ஸ்12 ஆவணத்தின் முதல் வரியில் வருவது. ஏஎஸ்2 ஐடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குறியீடு 01 என்றால் டன்ஸ் எண், 12 என்றால் தொலைபேசி எண், இரண்டு இசட் என்றால் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. ஐடி 15 எழுத்துக்குக் குறைந்தால் மீதியை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். அந்த முதல் வரி எப்போதும் 106 எழுத்துகள்தான், ஒன்று குறைந்தாலும் கோப்பு முழுவதும் திரும்பிவிடும்.

தொடர்பு மின்னஞ்சல். தயவுசெய்து உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் முகவரியைக் கொடுக்காதீர்கள். ஈடிஐ-க்கென்று ஒரு பொது முகவரி திறந்து மூன்று பேருக்குப் போகும்படி வையுங்கள். சான்றிதழ் மாறும் அறிவிப்பு அதற்குத்தான் வரும், நீங்கள் வேலை மாறிப் போன பிறகும் வந்துகொண்டிருக்கும்.

4. ஐபி, போர்ட், கடிகாரம்

அலுவலக இணைப்பில் நிலையான பொது ஐபி இருக்கிறதா என்று இணைய நிறுவனத்திடம் கேளுங்கள். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அதில் வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரைத் தொட முடியாது. வணிக இணைப்புக்கு மாறி, நிலையான ஐபி வாங்கச் சில நாட்கள் ஆகும். ஆகவே முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

உள்ளே வரும் ஐபியும் வெளியே போகும் ஐபியும் வேறாக இருக்கலாம். இரண்டு இணைய இணைப்பு வைத்திருக்கும் அலுவலகங்களில் இது சாதாரணம். பையர் தன் ஃபயர்வாலில் அனுமதிப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த ஐபியை மட்டுமே. முதல் இணைப்பு விழுந்து இரண்டாவதற்கு மாறிய அன்று எல்லாம் நின்றுபோகும். இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள்.

போர்ட் என்பது சர்வரில் இணைப்பு நுழையும் வாசலின் எண்; ஓப்பன்ஏஎஸ்2 இயல்பாக 10080-இல் காத்திருக்கும். பெரிய நிறுவனங்களின் ஃபயர்வால் வெளியே போகும் போர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்பதால் 443 அல்லது 4080 வைத்தால் வாக்குவாதம் குறையும்.

சர்வரின் கடிகாரத்தை, இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி-யோடு இணைத்துவிடுங்கள். கடிகாரம் பின்தங்கினால், புதிதாக வந்த சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நிராகரிக்கப்படும்.

5. சான்றிதழ்: இங்கே நிதானமாகப் போங்கள்

இரண்டு வகைச் சான்றிதழ் இருக்கிறது என்று தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று உங்கள் இணைய முகவரிக்கு எச்டிடிபிஎஸ் தரும் டிஎல்எஸ் சான்றிதழ். மற்றொன்று கோப்பில் கையொப்பமிடவும் மறையாக்கம் செய்யவும் பயன்படுவது. முதலாவதை வெளி நிறுவனத்திடம் பெற வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. இரண்டாவதை நீங்களே உருவாக்கிக்கொண்டால் பெரும்பாலான பையர்கள் ஏற்பார்கள். சாவிக்கு ஆர்எஸ்ஏ 2048, கையொப்பத்துக்கு எஸ்ஹெச்ஏ-256 வைத்து, பையரின் விதி அனுமதித்தால் மூன்று ஆண்டுகளுக்குப் போடுங்கள்.

ஒரே சான்றிதழை இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகச் சுருங்குகிறது: 398 நாள் என்றிருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் எல்லா பையருக்கும் மின்னஞ்சல் எழுதி, அவர்கள் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். தனியாக வைத்தால் டிஎல்எஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், பையருக்குத் தெரியக்கூட வேண்டாம். ஆனால் ஒரு விதிவிலக்கு: சில பையர்கள் உங்கள் டிஎல்எஸ் சான்றிதழையே தங்கள் சர்வரில் ஏற்றிவைத்துச் சரிபார்ப்பார்கள். அப்படிச் செய்கிறார்களா என்று படிவம் நிரப்பும்போதே கேளுங்கள்.

பையருக்கு அனுப்ப வேண்டியது பொதுச் சாவி (மற்றவருக்குக் கொடுக்கும் பாதி) மட்டும் உள்ள கோப்பு; நீட்டிப்பு சிஇஆர் அல்லது சிஆர்டி என்று இருக்கும். பிஎஃப்எக்ஸ் அல்லது பி12 என்று முடியும் கோப்பில் உங்கள் தனிச் சாவியும் (உங்களிடம் மட்டும் இருக்க வேண்டிய ரகசியப் பாதி) இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, பையரின் ஆதரவுப் பிரிவே கேட்டாலும். தவறிப் போய் அனுப்பப்பட்டால் அந்தச் சான்றிதழைக் கைவிட்டுப் புதிது உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சில மின்னஞ்சல் வடிகட்டிகள் சிஇஆர் கோப்பைத் தடுத்துவிடும், ஜிப் செய்து அனுப்புங்கள்.

சான்றிதழ் மாற்றும்போது தேதி மட்டும் பேசினால் போதாது, மணியும் நேர மண்டலமும் பேச வேண்டும். ‘15-ஆம் தேதி மாற்றுகிறோம்’ என்று அவர்கள் எழுதினால் நமக்கு அது 15 இரவா 16 அதிகாலையா? எப்போதும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் ஒரு பார்ட்னருக்கு இரண்டு சான்றிதழ் வைத்துக்கொள்ள அனுமதித்தால், பழையதையும் புதியதையும் ஒரு வாரம் சேர்த்து வையுங்கள்.

6. சோதனை

முதலில் பையரின் முகவரிக்கு உங்கள் சர்வரிலிருந்து இணைப்பு போகிறதா என்று மட்டும் பாருங்கள். பிரவுசரில் திறந்தால் பக்கம் ஒன்றும் வராது, ஏதோ பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், பதில் வந்ததே போதும்.

அடுத்து, கையொப்பமும் மறையாக்கமும் சேர்த்து ஒரு சின்ன உரைக் கோப்பு அனுப்புங்கள். இரண்டையும் அணைத்துவிட்டு முதலில் சும்மா அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும். பல பையர்களின் சர்வர் அதைப் பாதுகாப்பு போதாது என்று திருப்பிவிடும், நீங்கள் இல்லாத பிரச்சினையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எம்டிஎன் உடனடியாக வரும் முறையைக் கேளுங்கள். அதே இணைப்பிலேயே பதில் வந்துவிடும், தேடுவது எளிது. கோப்பு பெரிதாகி, அவர்கள் பிரித்துப் பார்த்து முடிக்கும் முன் இணைப்பு அறுந்துபோகும் நிலை வந்தால் மட்டும் பின்னர் வரும் முறைக்கு மாறுங்கள். அதற்கு அவர்கள் உங்கள் சர்வரை எட்ட முடிய வேண்டும்.

பிழை வந்தால் அதன் பெயரே பாதி வழி காட்டும். ‘டிகிரிப்ஷன் ஃபெயில்ட்’ என்றால் நீங்கள் அவர்களுடைய பழைய அல்லது தவறான சான்றிதழால் மறையாக்கம் செய்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் பாருங்கள். ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் உங்கள் கையொப்பத்தை அவர்களால் சரிபார்க்க முடியவில்லை. உங்கள் சான்றிதழை அவர்கள் ஏற்றவில்லை, அல்லது நீங்கள் அனுப்பியது வேறு. ‘இன்டெக்ரிட்டி செக் ஃபெயில்ட்’ என்றால் வழியில் ஏதோ கோப்பைத் தொட்டிருக்கிறது. நடுவில் இருக்கும் பிராக்ஸி, கோப்பைத் திறந்து பார்க்கும் பாதுகாப்புச் சாதனம், வரி முடிவை மாற்றும் நிரல் இவைதான் வழக்கமான சந்தேகப் பேர்வழிகள். எஸ்ஹெச்ஏ256 என்றும், நடுவில் கோடு போட்டு எஸ்ஹெச்ஏ-256 என்றும் இரண்டு விதமாக எழுதும் மென்பொருள்களுக்குள் சண்டை வருவதும் உண்டு.

7. ஆதரவுப் பிரிவுக்கு எழுதுவது

‘கோப்பு போகவில்லை, அவசரம், உதவவும்’ என்று எழுதினால், இரண்டு நாள் கழித்து ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஒரு வரி பதில் வரும். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எண்ணற்ற சப்ளையர்களின் செய்திகள் ஓடும் இடத்தில் உங்கள் கோப்பை எதை வைத்துத் தேடுவார்கள்?

தேட உதவும் தகவல் இவை: செய்தியின் மெசேஜ்-ஐடி (முழுவதும் வெட்டி ஒட்டியது); அனுப்பிய நேரம் (யுடிசி-யில்); இரு பக்க ஏஎஸ்2 ஐடி (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவான லாகில் இருக்கும் அதே எழுத்தில்); நீங்கள் வெளியே போன பொது ஐபி; பயன்படுத்திய சான்றிதழின் வரிசை எண்; எம்டிஎன் வந்திருந்தால் அதன் உரை, வராவிட்டால் எச்டிடிபி பதில் எண்; சோதனைச் சூழலா நேரலையா. ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், அதிலிருந்து எதையும் வெட்டித் தேட முடியாது. உரையாக அனுப்புங்கள்.

பொருள் வரியில் பிழையின் பெயரும் வெண்டார் எண்ணும் இருக்கட்டும். ஒரு மின்னஞ்சலில் ஒரு பிரச்சினை மட்டும். முதல் டிக்கெட் எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்; பதில் தாமதமானால் புது டிக்கெட் திறக்க வேண்டாம், இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றிவைப்பார்கள்.

கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள். ‘ஏன் வேலை செய்யவில்லை?’ என்பதற்குப் பதில் ‘இந்த வரிசை எண் கொண்ட எங்கள் சான்றிதழ் உங்கள் சோதனைச் சூழலில் ஏற்றப்பட்டுள்ளதா?’ என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். அப்படிப்பட்ட கேள்வி ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

மாலை என்று சொன்னது காரணத்தோடுதான். அமெரிக்க மத்திய நேரம் காலை 9 மணி நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நம் மாலை ஆறு மணிக்குள் எழுதினால் அவர்கள் அலுவலகம் திறக்கும்போது உங்கள் கடிதம் இருக்கும். இரவு ஒன்பது வரை ஒருவர் பதில் சொல்லத் தயாராக இருந்தால் ஒரு நாள் மிச்சம். வெள்ளிக்கிழமை இரவு பதில் சொல்லத் தவறினால் அது திங்கள் இரவுதான்.

எம்டிஎன் வரவில்லை என்றால் பதற்றத்தில் புதிதாக மறுபடி அனுப்பாதீர்கள். அதே மெசேஜ்-ஐடியோடு மென்பொருள் செய்யும் மறுமுயற்சியை அந்தப் பக்கம் நகல் என்று அடையாளம் காண முடியும். நீங்கள் புதிய செய்தியாக அனுப்பினால், முதலாவதும் உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால், ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாகும். அதை அவிழ்க்க அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் இரண்டும் படும் பாட்டைப் பார்த்தால் அடுத்த முறை கை தானாக நின்றுவிடும்.

8. நேரலை

படிவம் கொடுத்ததிலிருந்து நேரலை வரை நான்கு முதல் எட்டு வாரம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நவம்பர், டிசம்பர் விற்பனைக் காலத்தில் அமெரிக்கச் சில்லறை நிறுவனங்கள் பல தங்கள் கணினி அமைப்பில் மாற்றம் எதையும் அனுமதிப்பதில்லை. அக்டோபருக்குள் முடியவில்லையென்றால் ஜனவரிதான்.

நேரலைக்கு மாறும் அன்று பார்க்க வேண்டியது: ஐஎஸ்ஏ வரியின் 15-ஆவது இடத்தில் சோதனைக்கு ‘டி’ எழுத்தும் நேரலைக்கு ‘பி’ எழுத்தும் வரும். இதை மாற்ற மறந்தால் எம்டிஎன் ஒழுங்காக வரும், ஆவணம் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது. முகவரி, ஏஎஸ்2 ஐடி, சான்றிதழ் மூன்றும் நேரலைக்குரியவைதானா என்றும் ஒருமுறை பாருங்கள்.

முதல் ஷிப்மென்ட் போகும் வாரம் 856 ஆவணத்துக்குத் தனியாக ஓர் ஆளை வையுங்கள். சரக்கு போய்ச் சேர்வதற்கு முன் அது போய்ச் சேர வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்பது பையரின் வெண்டார் கையேட்டில் இருக்கும், தாமதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதே கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஷிப்பிங் பிரிவில் ஒட்டிவிடுங்கள்.

லாகுகளையும் எம்டிஎன்களையும் அழிக்காதீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் டெபிட் நோட் தகராறு அதைவிடத் தாமதமாகவும் வரும். கையொப்பமிட்ட எம்டிஎன் மட்டும்தான் அப்போது உங்கள் கையில் இருக்கும் சான்று. இரண்டு ஆண்டுக்காவது அவற்றை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் சான்றிதழும் பையரின் சான்றிதழும் முடியும் தேதிகளை, 45 நாள் முன்னதாக நினைவூட்டும்படி, ஈடிஐ பொது முகவரியில் இருக்கும் அந்த மூன்று பேருடைய காலெண்டரிலும் ஏற்றிவிடுங்கள்.